ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் ஐந்தாம் வகுப்பு இடைவெளியும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணித வினாத்தாளைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், அதில் தேர்ச்சி பெறும் வழி மிகத் தெளிவாகத் தெரியும். நூறு மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டியது 35. வடிவியலையும் வரைபடத்தையும் கைபழக்கிக்கொண்டால் 16 வந்துவிடும். பாடநூலில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் ஒன்பதாவது தேறும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டவுடன் விடை வந்துவிடுகிற இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்தை எழுதினால் 10. கூட்டினால் சரியாக 35. ஐந்து மதிப்பெண் பகுதியை, அதாவது வினாத்தாளின் பாதியை, ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை.

வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் கூட்டல் அத்துப்படி. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் ஒன்று எடுக்கப்படுகிறது. அவர்கள் கையில் 'மினிமம் மெட்டீரியல்' எனப்படும் மெல்லிய குறிப்பேடு தரப்படுகிறது. மாலை நேரச் சிறப்பு வகுப்பில் வரைபடமும் வடிவியலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்படுகின்றன. மறுபக்கம், நூற்றுக்கு நூறு எடுக்கக்கூடிய நான்கைந்து பேருக்குத் தனியே 'சென்டம்' பயிற்சி நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தைப் பற்றி யாரும் தனியாக யோசிப்பதில்லை. எப்படியும் தேறிவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் காசிமேட்டிலோ கொடுங்கையூரிலோ பத்தாம் வகுப்பில் தவறிய பையன் அடுத்த மாதமே எங்கேயாவது வேலைக்குப் போய்விடுவான் என்பதையும், பிளஸ் ஒன், பாலிடெக்னிக், பெரும்பாலான ஐ.டி.ஐ. பிரிவுகள் என எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த 35 கேட்கப்படும் என்பதையும் அறிந்த ஆசிரியர், ஜனவரியில் வேறு என்னதான் செய்ய முடியும்? ஜனவரியில் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதனால் கேள்வியை முந்தைய ஆண்டின் ஜூன் மாதத்துக்கு, ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரே வகுப்பறையில் பலவகைப்பட்ட திறன் உள்ள பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் வேறுபடுவது திறனா, அல்லது ஒவ்வொருவரும் கணக்கை எந்த இடத்தில் தவறவிட்டார்கள் என்பதா? இதற்கு என்ன விடை சொல்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் திட்டத்தின் வடிவமும் அமையும்.

வரைபடத்தில் தெரிவது

'மினிமம் மெட்டீரியல்' முழுக்க நம்பியிருக்கும் வரைபட வினாவையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்ற இருபடிச் சார்பை வரைய வேண்டும். அளவுத்திட்டம் எழுதி, அச்சுகளை வரைந்து, அட்டவணை போடுவது வரை எல்லாரும் ஒழுங்காகச் செய்வார்கள். எக்ஸின் மதிப்பு 1, 2, 3 எனும்போது விடைகள் 0, 4, 10 என்று சரியாக வரும். எக்ஸ் −3 ஆகும்போதுதான் சிக்கல். −3-இன் வர்க்கத்தை −9 என்று எழுதிவிட்டால், 4 வர வேண்டிய இடத்தில் −14 வந்து நிற்கும். வலது பாதி அழகாக மேலேறிப் போக, இடது பாதி தாளின் அடிப்பகுதியை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும். திருத்துகிறவருக்கு ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிடும். அச்சுக்கும் அளவுத்திட்டத்துக்கும் படிநிலை மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

சிறப்பு வகுப்பில் இதற்குத் தரப்படும் மருந்து, 'மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்' என்ற ஒரு வரி. பெருக்கலுக்கு மட்டும் உரிய அந்த வரியை மாணவர் கூட்டலுக்கும் கொண்டுபோய்விடுகிறார். இப்போது −3-இன் வர்க்கம் சரியாக 9 என்று வருகிறது, ஆனால் அடுத்து நிற்கும் −3-ஐயும் −2-ஐயும் சேர்த்து +5 என்று எழுதுகிறார். −14 போய் 14 வருகிறது. விதி ஒன்று கூடியிருக்கிறது, புரிதல் அதே இடத்தில் நிற்கிறது. எண்கோட்டில் பூச்சியத்துக்கு இடப்பக்கம் நடந்து பழகாத பிள்ளைக்கு இருபடிச் சார்பு மட்டும் அல்ல, ஆயத்தொலை வடிவியலும் கூட்டுத் தொடர்வரிசையும் இதே காரணத்தால் வழுக்கும். எட்டு அத்தியாயங்களிலும் தோற்கும் மாணவராக அவர் தெரிகிறார். அவர் உண்மையில் தோற்றது ஒரே இடத்தில், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்.

இந்த இடைவெளிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதனதன் காரணங்கள் உண்டு. 2025-26 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நீள்வகுத்தலும் பின்னங்களும் காலூன்ற வேண்டிய நான்காம் வகுப்பு முழுவதையும் ஐந்தாம் வகுப்பின் முதல் பகுதியையும் அவர்கள் கல்வித் தொலைக்காட்சியிலும், அப்பா வேலைக்கு எடுத்துப் போகாத நேரத்தில் மட்டும் கிடைத்த ஒற்றைக் கைப்பேசியிலும் படித்தார்கள். எட்டாம் வகுப்புவரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால் இடைவெளி எங்கும் பதிவாகவில்லை. (நிறுத்திவைக்கும் முறை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்தால் பின்னம் தானாக வந்துவிடும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.)

இதோடு வடசென்னைக்கே உரிய வேறு சில காரணங்களும் சேர்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு வற்றியிருக்கும் அந்தக் காலத்தின் முடிவில்தான் கல்விக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் வருகிறது. எட்டாம் வகுப்புவரை தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளைகள் இங்கே நிறைய. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அவர்களில் சிலர் கணக்கில் சூட்டிகையாகவும் வினாவைப் படிப்பதில் தடுமாறுகிறவர்களாகவும் இருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல, மழைக்காலத்தில் வகுப்பறை நாட்கள் கொத்தாகக் கரைந்துபோவதும் உண்டு. இப்படிப் பல வழிகளில் வந்து சேர்ந்த நாற்பது பேருக்கும் ஆசிரியர் ஜூன் மாதம் 'கண மொழி' என்ற முதல் அத்தியாயத்தில் பாடத்தைத் தொடங்குகிறார்.

இந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பதற்கு இந்தியச் சூழலிலேயே அளவிடப்பட்ட சான்று ஒன்று இருக்கிறது. தில்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய பொருளியலாளர்கள் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்தத் தூரம் நான்கரை வகுப்புகளாக விரிந்திருந்தது. ஒரே வகுப்பில் உள்ள மாணவர்களின் நிலைகள் ஐந்தாறு வகுப்புகளின் அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இன்னொரு செய்தி. வழக்கமான வகுப்பை மட்டுமே நம்பியிருந்தவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், ஆய்வு நடந்த மாதங்களில் கணிதத்தில் ஏறத்தாழ எதுவுமே முன்னேறவில்லை. அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள், ஏட்டில் எழுதினார்கள், பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அதே ஆய்வில், ஒவ்வொருவருக்கும் அவரவர் நின்ற இடத்திலிருந்து கணக்குகளைக் கொடுத்த கணினிவழி மையத்துக்குப் போனவர்கள் நான்கரை மாதத்தில் தெளிவாக முன்னேறினார்கள்.

பிரிப்பதா, சேர்ப்பதா

அப்படியென்றால் நிலைவாரியாக மாணவர்களைப் பிரித்துவிட்டால் என்ன என்ற யோசனை உடனே எழும். கென்யாவின் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு மதிப்பெண்ணின்படி இரண்டு பிரிவாக்கியபோது மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு இரண்டுமே பயனடைந்தன. ஆனால் ஆறு வயதில் கூட்டல் கற்கும் பிள்ளைகளைப் பிரிப்பதும், பதினான்கு வயதில் 'நான் எந்த ரகம்' என்பதை நன்றாக உணரக்கூடியவர்களைப் பிரிப்பதும் ஒன்றல்ல. மேல்நிலைப் பிரிவுக்கு நல்ல ஆசிரியர்கள் போவார்கள், கீழ்நிலைப் பிரிவு எப்போதும் யாராவது விடுப்பில் இருக்கும் வகுப்பாகிவிடும் என்பது நம் ஊரில் 'ஏ செக்‌ஷன்', 'டி செக்‌ஷன்' பார்த்தவர்களுக்குத் தெரியாததல்ல. ஆங்கிலவழி, தமிழ்வழி என்ற பிரிவினையே பல பள்ளிகளில் சொல்லாமல் சொல்லும் தரப்பிரிப்பாக ஆகியிருக்கிறது.

நீண்ட காலம் பிரித்துப் பார்த்த நாடுகளில் சிங்கப்பூர் முக்கியமானது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களை மொத்தமாக மூன்று தடங்களில் போடும் முறை 2024-இல் சேர்ந்தவர்களிலிருந்து கைவிடப்பட்டது. இப்போது ஒரே வகுப்பில் கலந்து உட்காரும் மாணவர்கள், பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கலாம். கணிதத்தில் உயர்நிலையிலும் மொழியில் இடைநிலையிலும் இருக்கலாம். நம் நாட்டில் சி.பி.எஸ்.இ. 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டு தேர்வுகளை வைத்திருக்கிறது. பாடத்திட்டமும் வகுப்பும் ஒன்றே, வினாத்தாளின் கடுமைதான் வேறு. மாணவரின் பதற்றத்தை அது குறைத்திருக்கலாம். ஆனால் பின்னம் தெரியாத பிள்ளைக்கு அது பின்னத்தைக் கற்றுத் தருவதில்லை. எளிய தேர்வு என்பது 35-க்கான குறிப்பேட்டின் அதிகாரபூர்வமான வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேர்த்தே வைத்துப் பார்த்த அனுபவமும் உண்டு. கலிபோர்னியாவில், ஆய்வுக்காக 'ரெயில்சைடு' என்று புனைபெயர் இடப்பட்ட நகர்ப்புறப் பள்ளி ஒன்றின் கணித ஆசிரியர்கள் எல்லா மாணவர்களையும் ஒரே வகுப்பில் வைத்துக் குழுக்களாகப் பாடம் நடத்தினார்கள். ஒரே வழியில் முடிந்துவிடாத கணக்குகள் தரப்பட்டன. குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜோ போலரும் மேகன் ஸ்டேபிள்ஸும் 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, சேரும்போது மற்ற இரண்டு பள்ளிகளைவிடப் பின்தங்கியிருந்த ரெயில்சைடு மாணவர்கள் இரண்டாம் ஆண்டு முடிவில் முந்திவிட்டார்கள். அந்த முடிவுகளைக் கடுமையாக மறுத்த கணிதவியலாளர்களும் இருக்கிறார்கள். அந்த வகுப்புகள் ஒவ்வொன்றும் 90 நிமிடம் நடந்தன என்பதையும் மறக்கக் கூடாது. நமக்கு மணி அடிப்பது அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில்.

எல்லாரையும் சேர்த்துவிட்டு முன்னால் ஓடுகிறவர்களுக்கு எதுவும் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ உதாரணம். எட்டாம் வகுப்பில் சிலருக்கு மட்டும் இயற்கணிதம் நடத்துவதை அந்நகரப் பள்ளிகள் 2014-இல் நிறுத்தி, எல்லாருக்கும் ஒன்பதாம் வகுப்பில் என்று மாற்றின. பெற்றோரின் எதிர்ப்பு பத்து ஆண்டுகள் ஓயவில்லை. 2024 மார்ச்சில் அந்தப் பாடத்தை எட்டாம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவரக் கோரும் தீர்மானத்துக்கு வாக்காளர்கள் பெரும்பான்மை ஆதரவு தந்தார்கள். பெரம்பூரில் டியூஷனுக்கு மாதாமாதம் காசு கட்டும் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்பார்: 'அதுங்களோட சேர்த்து உட்கார வெச்சா எம் பொண்ணு படிப்பு என்னாகும் சார்?' அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் நிற்காது.

ஒரு தண்ணீர்த் தொட்டி

எனவே ஒரே வகுப்பு, ஒரே கணக்கு, ஆனால் நுழைவதற்குத் தாழ்ந்த வாசலும் போகப் போக ஆழமும் உள்ள கணக்கு வேண்டும். அப்படி ஒன்று எப்படி இருக்கும் என்பதை வடசென்னைத் தெருமுனைகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டே பார்க்கலாம். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போன 2,000 லிட்டர் தொட்டி. ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். ஆசிரியர் முதலில் கேட்பது, எத்தனை குடம் வரும் என்பது மட்டுமே.

நீள்வகுத்தல் மறந்துபோன பிள்ளையும் இதில் கை வைக்க முடியும். நூறு குடத்துக்கு 1,500 லிட்டர், மீதி 500. முப்பது குடத்துக்கு 450, மீதி 50. மூன்று குடத்துக்கு 45, மீதி 5. ஆக 133 குடம், ஐந்து லிட்டர் மிச்சம். இதுதான் வகுத்தல் என்று பெயர் சொல்வது பிறகு நடக்கலாம். வீட்டுக்கு ஆறு குடம் என்றால் 22 வீடுகளுக்கு வரும், ஒரு குடம் மீதி. அந்த ஒரு குடம் யாருக்கு என்ற சண்டையும் வகுப்பில் கட்டாயம் வரும். வந்தால் நல்லதுதான்.

அடுத்த படி, ஒவ்வொரு குடம் பிடித்த பிறகும் தொட்டியில் மிச்சம் இருப்பதை எழுதுவது: 1985, 1970, 1955. பத்தாம் வகுப்பின் கூட்டுத் தொடர்வரிசை இதுதான். பொது வித்தியாசம் −15. குறை எண் இங்கே விதியாக வரவில்லை, தண்ணீர் குறைவதாக வருகிறது. எத்தனையாவது குடத்தில் தொட்டி பாதிக்கும் கீழே போகும் என்று கேட்டால், பட்டியலாக எழுதிக்கொண்டே போகிறவருக்கும் சமன்பாடு அமைக்கிறவருக்கும் 67 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதும் அந்தச் சில நிமிடங்களே, பலநிலை மாணவர்கள் உள்ள வகுப்பில் ஆசிரியர் செய்யும் முதன்மையான வேலை. பட்டியல் போட்டவருக்குச் சமன்பாடு எதற்கு என்று புரிகிறது. சமன்பாடு போட்டவர், தான் எழுதியது எதைக் குறிக்கிறது என்று முதல் முறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது அவருக்கும் அவ்வளவு எளிதாக வருவதில்லை.

தொட்டி உருளை வடிவம், உள்விட்டம் 140 சென்டிமீட்டர் என்று அளந்து வந்தால் அளவியல் தொடங்கிவிடும். ஆரம் 70, π-ஐ 22/7 என்று கொண்டால் அடிப்பரப்பு 15,400 சதுர சென்டிமீட்டர். ஒரு குடம் என்பது 15,000 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு குடத்துக்கும் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக இறங்குகிறது என்ற விடை வரும்போது, அளவுகோலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ச் சரிபார்க்கத் தோன்றும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டுக் கிடைத்த விடையைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முன்னால் ஓடுகிறவர்களுக்கும் இதே தொட்டியில் வேலை இருக்கிறது. வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, கடைசிக் குடங்கள் நிரம்ப நேரமாகும் என்பது. ஏன்? குழாயிலிருந்து நீர் வெளிவரும் வேகம், குழாய்க்கு மேலே நிற்கும் நீரின் உயரத்துடைய வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டில் கண்டறிந்தார். அதன்படி, குழாயைத் திறந்தே விட்டால், நேரத்துக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உறவை வரைந்தால் கிடைப்பது ஒரு பரவளையத்தின் பகுதி. எட்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் அதே வளைவு. கைப்பேசியில் நேரம் பார்த்து, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்து, புள்ளிகளைத் தாளில் வைத்து, அது இருபடிச் சார்பா என்று சோதிப்பது ஒன்பதாம் வகுப்பின் மிகச் சிறந்த மாணவிக்கும் ஒரு வாரத்து வேலை.

'சென்டம்' பயிற்சியில் இப்படிப்பட்ட வேலைக்கு இடமில்லை. தெரிந்த கணக்கை வேகமாகவும் பிழையில்லாமலும் போடுவதற்கான பயிற்சி அது. வினாத்தாள் சற்றே முகம் திருப்பினால் என்ன ஆகும் என்பதைப் பொதுத்தேர்வு முடிவுகளே காட்டின: 2024-இல் கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் மாநிலம் முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல், 2025-இல் இரண்டாயிரத்துக்கும் கீழ். ஓராண்டில் மாணவர்களின் கணிதத் திறன் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட முடியாது.

வாரத்தில் இரண்டு பாடவேளை

பொதுக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொட்டிக் கணக்கில் ஆர்வத்தோடு கலந்துகொண்ட பிள்ளைக்கும் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வராமல் இருக்கலாம். அதற்குத் தனிப்பயிற்சி தேவை. நாளுக்கு ஒரு கணிதப் பாடவேளையாவது இருக்கும் வாரத்தில் இரண்டை மட்டும் இதற்காக ஒதுக்கி, அந்த இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளும் கலைந்து, திறன்வாரியாக உட்கார வேண்டும். ஒரு அறையில் வகுத்தல், இன்னொன்றில் பின்னம், மூன்றாவதில் குறை எண்கள், நான்காவதில் சமன்பாடு அமைத்தல். அறை வாசலில் எழுதியிருப்பது திறனின் பெயர் மட்டுமே. மெல்லக் கற்போர், மீத்திறன் என்ற பெயர்கள் எங்கும் கூடாது. பத்துக் கணக்குகள் கொண்ட சிறு சோதனையில் தேறியதும் அடுத்த அறைக்குப் போய்விடலாம். வகுத்தல் அறையில் இருப்பவரே வடிவியல் வரைவதில் வகுப்புக்கு முதல் ஆளாக இருக்கக்கூடும். நிலையான பட்டியல் மறைத்துவிடும் இந்த உண்மை இங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வகுக்கப்பட்டிருப்பதும், மேல்வகுப்புகளில் அடிப்படைத் திறன்களில் பின்தங்கியவர்களுக்காக 2025-26-இல் 'திறன்' என்ற திட்டம் வந்திருப்பதும், வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது என்ற இதே எண்ணத்திலிருந்து பிறந்தவைதான். என் தயக்கம் ஒன்றே: பின்தங்கியவர்களுக்கு மட்டும் என்று வரும் எதுவும் உயர்நிலைப் பள்ளியில் உடனே முத்திரையாகிவிடும். எல்லாரும் எழுந்து ஏதாவது ஒரு அறைக்குப் போகிறார்கள் என்றால் முத்திரை குத்த முடியாது.

யார் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கண்டறியும் சோதனையிலும் கவனம் வேண்டும். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து நடத்தி 1985-இல் வெளியான சிறிய, ஆனால் புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்தைச் சரியாகச் சொன்ன அவர்கள், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதத்தை மட்டுமே சரியாகச் செய்தார்கள். காசிமேட்டில் அம்மாவோடு மீன் விற்க உட்காரும் பெண், கால் கிலோ, முக்கால் கிலோவுக்கு விலையை நொடியில் சொல்லிவிட்டு, வகுப்பில் நான்கில் மூன்றை எழுதத் தெரியாமல் விழிப்பது இதே கதைதான். அவளுக்குப் பின்னம் தெரியும், பின்னத்தை எழுதும் முறைதான் தெரியாது. வாய்மொழியாகவும் நான்கு கேள்வி கேட்காத சோதனை, அவளைத் தவறான அறைக்கு அனுப்பிவிடும்.

இப்படிக் கணக்கைக் கையால் தொட்டு, ஒழுங்கைக் கண்டுபிடித்துப் படிப்பது வடசென்னைக்குப் புதிதும் அல்ல. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன், எண்களின் ஒழுங்குகளையும் தாள் மடிப்பையும் கொண்டு கணிதம் கற்பிப்பதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்தவரும் அவரே. 1968-இல் அந்தத் தொகுப்புகளை வெளியிட்டது அதே பள்ளிதான். ராயபுரத்தில் 1993 முதல் இயங்கும் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவருடைய முயற்சியோடு பிணைந்தவை. ராமானுஜனே, கணிதத்தில் முன்னால் நின்றும் மற்ற பாடங்களில் தவறி, பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, 1912-இல் இதே பகுதியின் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்தும் வழக்கம் எனக்கு உவப்பில்லை. எல்லாரையும் ஒரே மொத்த மதிப்பெண்ணால் அளக்கும் முறையின் குறையைக் காட்டத்தான் அவர் கதை பயன்படும்.

பத்தாம் வகுப்பின் ஜனவரி எப்படியும் வரும். அப்போது வரைபடமும் வடிவியலும் பழகத்தான் வேண்டும், குறிப்பேடும் ஒழியாது. குறை எண் அறையைக் கடந்து வந்த பிள்ளைக்கு அந்த வரைபடப் பயிற்சி இரண்டு மாலைகளில் முடியும். கடந்து வராதவருக்கு இரண்டு மாதம் ஆகும், அப்போதும் இடது பாதி சரிந்தே நிற்கும். 35-ஐத் தாண்டிய பிறகு காத்திருப்பவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாலிடெக்னிக்கின் முதலாண்டிலேயே கணிதம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் பொறியியல் பிரிவுகளுக்குத் தொழிற்பட்டறைக் கணக்கீடு ஒரு பாடம். முக்கால் இன்ச், அரைக்கால் இன்ச் என்று பின்னம் அங்கே இரும்பாகவே வந்து நிற்கும். பிளஸ் ஒன்னில் வணிகக் கணிதம் எடுக்கலாமா என்ற முடிவும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைப் பொறுத்தே அமைகிறது.

நடைமுறைத் தடைகளில் பெரியது பணம் அல்ல, அட்டவணை. ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் வாரத்தில் அந்த இரண்டு கணிதப் பாடவேளைகள் ஒரே நேரத்தில் வர வேண்டும். அப்போதுதான் ஆசிரியர்கள் அறைகளைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். இரண்டு மூன்று கணிதப் பட்டதாரி ஆசிரியர்கள் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் இது ஜூன் முதல் வாரத்தில் தலைமையாசிரியர் செய்யக்கூடிய மாற்றம். ஒரே கணித ஆசிரியர் உள்ள சிறிய உயர்நிலைப் பள்ளிகளில் வகுத்தல் அறையையும் பின்ன அறையையும் அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். அடர்த்திக்கும் வேகத்துக்கும் அவருக்கு அந்தப் பின்னங்கள் எப்படியும் தேவைப்படுகின்றன. குறை எண்களையும் சமன்பாட்டையும் கணித ஆசிரியரே ஒரே அறையின் இரண்டு பக்கங்களில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.